லித்தியத்தின் கதை – 11: ஈயத்தை இறக்கிவைத்த நகரம்

முன்கதை: 1970களில் எக்ஸான் ஆய்வகத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் லித்தியத்தைப் பேட்டரிக்குள் கொண்டுவந்தார். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்டெனஃப் குழு கோபால்ட் ஆக்சைடின் ஆற்றலைக் கண்டது. 1985இல் ஜப்பானின் அகிரா யோஷினோ, தீப்பிடிக்கும் லித்திய உலோகத்தை விலக்கிவிட்டுக் கரியை எதிர்முனையாக வைத்தார். 1991இல் சோனி அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. திருநெல்வேலிச் சீமையின் அமராபுரத்தில் பிறந்த ஆறுமுகம் மந்திரம், குட்டெனஃபின் ஆய்வகத்தில் சேர்ந்து, 2019இல் அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியதைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் கதை பெங்களூருவுக்கு வருகிறது.

★

கால் டன் சுமை

ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடந்ததும் பொம்மசந்திரா தொழிற்பேட்டை. 2001இல் அங்கே உருவான ஒரு சின்னஞ்சிறு மின்சாரக் கார் இந்தியச் சாலையில் இறங்கியது. பெயர் ரேவா. இரண்டு கதவுகள், பின்னால் பிள்ளைகள் மட்டும் உட்காரக்கூடிய இருக்கை, எஃகுச் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் உடல்.

அதன் பின்னால் இருந்தவர் சேத்தன் மைனி. பெங்களூருக்காரர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்தபோது, மாணவர்கள் சேர்ந்து கட்டிய சூரியசக்தி காரின் குழுவில் இருந்தார். 1990இல் அந்தக் கார் அமெரிக்கப் போட்டியில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடக்கும் உலகப் போட்டியில் மூன்றாவதாக வந்தது. பெட்ரோல் இல்லாமல் கார் ஓடும் என்பதைத் தன் கையால் செய்து பார்த்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர் அவர்.

1994இல் மைனி குழுமமும் அமெரிக்காவின் அமெரிகான் நிறுவனமும் கைகோத்து ரேவா நிறுவனத்தைத் தொடங்கின. கார் வெளிவர ஏழு ஆண்டுகள் ஆயின.

அந்தக் காரின் முன் இருக்கைகளைத் தூக்கினால் அடியில் வரிசையாக எட்டு பேட்டரிகள். ஒவ்வொன்றும் 6 வோல்ட். எட்டும் சேர்ந்து 48 வோல்ட், 200 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 9.6 கிலோவாட்-மணி, அதாவது கரண்ட் பில்லில் வருகிற கணக்குப்படி பத்து யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. அந்தப் பத்து யூனிட்டைச் சுமக்க ஈயமும் அமிலமுமாகக் கால் டன்னுக்கு மேல் எடை தேவைப்பட்டது.

இந்த எடையில்தான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது.

ஈய அமில பேட்டரியில் ஒரு தகடு ஈயம், எதிர்த் தகடு ஈய ஆக்சைடு, நடுவே கந்தக அமிலம். மின்சாரம் வெளியேறும்போது இரண்டு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. சார்ஜ் ஏற்றினால் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. 1859இல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்த அதே வேதியியல். மலிவானது, எங்கும் கிடைப்பது, தெருமுனைக் கடையிலும் பழுது பார்க்கக்கூடியது. ஆனால், ஒரு கிலோ பேட்டரியில் 30 முதல் 40 வாட்-மணிதான் அடைக்க முடியும். ஈயத்தின் அணு எடை 207. லித்தியத்தின் அணு எடை 7. எலெக்ட்ரான்களைக் கொடுத்து வாங்க இவ்வளவு கனமான அணுவைச் சுமக்க வேண்டுமா என்பதே எல்லா மின்சார வாகனங்களையும் மடக்கிய கேள்வி.

ரேவாவுக்கு வேறு வழி இருந்ததா? 2001இல் லித்தியம் பேட்டரி என்றால் கேமராவும் லேப்டாப்பும் செல்போனும்தான். அந்த விலைக்கு ஒரு காரை நிரப்பினால் பேட்டரியின் விலை காரின் விலையைத் தாண்டிவிடும். ஈயத்தோடு ஓடுவது என்று ரேவா தீர்மானித்தது. ஒரு சார்ஜில் 80 கிலோமீட்டர்.

2004இல் அந்தக் கார் லண்டனுக்குப் போனது. அங்கே அதற்கு ஜி-விஸ் என்று பெயர். நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு லண்டன் அப்போது நெரிசல் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியிருந்தது. மின்சாரக் காருக்கு அது இருக்கவில்லை. பொம்மசந்திராவில் செய்த கார், உலகத்தின் பணக்கார நகரம் ஒன்றில் அன்றாடம் ஓடும் மின்சாரக் காராக நிலைபெற்றது.

ஆனால், லண்டன் குளிரில் ஈய பேட்டரி சோர்ந்துவிடும். குளிரக் குளிர ஓடும் தூரம் குறையும். சில ஆண்டுகளில் எட்டு பேட்டரிகளையும் மாற்ற வேண்டியிருக்கும். ஈயத்தை எப்போது இறக்கிவைப்பது?

★

ஜனவரி 2009

அந்த மாதம் ரேவா தன் லித்தியம் காரை அறிவித்தது. அதே உருவம், அதே அளவு. இருக்கைக்கு அடியில் மட்டும் வேறு பொருள். ஒரு சார்ஜில் ஓடும் தூரம் 80 கிலோமீட்டரிலிருந்து 120ஆக உயர்ந்தது. எடையும் குறைந்தது.

உள்ளே என்ன மாறியது? இங்கே சற்று நின்று பார்ப்போம்.

லித்தியம் செல்லில் எதிர்முனை கிராஃபைட், அதாவது பென்சில் முனையில் இருக்கும் அதே கரி. அது அடுக்கடுக்கானது. நேர்முனை ஓர் உலோக ஆக்சைடு அல்லது பாஸ்பேட். இரண்டுக்கும் நடுவே நுண்துளைகள் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. எல்லாவற்றையும் நனைத்தபடி, லித்திய உப்பு கரைந்த ஒரு கரிமத் திரவம்.

சார்ஜ் ஏற்றும்போது லித்திய அயனிகள் நேர்முனையை விட்டுக் கிளம்பி, திரவத்தில் நீந்தி, சவ்வின் துளைகளைக் கடந்து, கிராஃபைட் அடுக்குகளுக்கு நடுவே போய் அமர்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் புத்தகத் தாள்களுக்கு இடையே மயிலிறகை வைப்பதுபோல, புத்தகமும் கெடாது, இறகும் கசங்காது. வண்டி ஓடும்போது அயனிகள் வந்த வழியே திரும்புகின்றன. எலெக்ட்ரான்களுக்கு அந்தத் திரவத்தில் வழி இல்லை. அவை வெளியே கம்பி வழியாகச் சுற்றிப் போயாக வேண்டும். அப்படிச் சுற்றிப் போகும்போது மோட்டாரைச் சுழற்றுகின்றன.

ஈய பேட்டரியில் தகடுகளே கரைந்து வேறு பொருளாகி மீண்டும் உருவாகின்றன. லித்தியம் செல்லில் வீடு அப்படியே இருக்கிறது. குடியிருக்கும் அயனி மட்டும் இடம் மாறுகிறது. அதனால்தான் ஆயிரம் முறைக்கு மேல் சார்ஜ் ஏற்றினாலும் அது தாங்குகிறது. ஒரு செல்லுக்கு ஈயம் தருவது 2 வோல்ட். லித்தியம் தருவது மூன்று வோல்ட்டுக்கு மேல்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஈய பேட்டரி முரட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளும். அதிகமாகச் சார்ஜ் ஏற்றினால் உள்ளிருக்கும் தண்ணீர் வாயுவாகிப் போகும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் சமாளிக்கலாம். லித்தியம் செல் அப்படி மன்னிக்காது. ஆக்சைடு செல்லில் 4.2 வோல்ட்டைத் தாண்டிச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே போனால் கிராஃபைட்டின் மேல் லித்தியம் உலோகமாகப் படியத் தொடங்கும், நேர்முனை நிலைகுலைந்து ஆக்சிஜனைக் கக்கும். மிகவும் வற்றவிட்டால் எதிர்முனையின் செம்புத் தகடு கரையும். சூடு ஒரு வரம்பைக் கடந்தால் அந்தச் சூடே மேலும் சூட்டைப் பிறப்பிக்கும். உள்ளே இருக்கும் திரவம் எரியக்கூடியது.

பல செல்களை வரிசையாகக் கோத்தால் சிக்கல் பெருகும். எல்லாச் செல்லும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பலவீனமான ஒன்று மற்றவற்றுக்கு முன்பே நிரம்பிவிடும், முன்பே வற்றிவிடும். ஆகவே, ஒவ்வொரு கண்ணியின் வோல்ட்டையும் பேக்கின் சூட்டையும் நொடிக்கு நொடி அளந்து, கூடியதைக் குறைத்து, ஆபத்து என்றால் மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு காவலன் வேண்டும். அந்த மின்னணுப் பலகைக்குத்தான் பேட்டரி மேலாண்மை அமைப்பு என்று பெயர். தொழிலில் சுருக்கமாக பி.எம்.எஸ்.

கதையின் திருப்பம் இந்தப் பலகையில் இருக்கிறது.

ஈயத்தின் காலத்தில் பேட்டரி என்பது உலை, அச்சு, அமிலம். லித்தியத்தின் காலத்தில் பேட்டரியின் பாதி மின்னணுவும் மென்பொருளும் ஆகிவிட்டது. இந்தியாவில் மின்னணுவும் மென்பொருளும் எந்த ஊரில் செழித்திருந்தன? இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் (ஐ.டி.ஐ.) 1948இலும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1954இலும் கால் ஊன்றிய ஊர், இஸ்ரோவின் தலைமையகம் இருக்கும் ஊர், ஆயிரக்கணக்கில் புரோகிராமர்கள் குடியேறிய ஊர். லித்தியம் தானாகவே பெங்களூருவின் வாசலுக்கு வந்து நின்றது.

2009 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கார் கண்காட்சியில் ரேவா ஒரு வசதியைக் காட்டியது. வழியில் சார்ஜ் தீர்ந்துவிட்டதா? நிறுவனத்துக்கு ஒரு போன் செய்தால் போதும், அல்லது எஸ்.எம்.எஸ். அனுப்பலாம். பேட்டரியில் அவசரத்துக்கென்று ஒதுக்கிவைத்த இருப்பைத் தொலைவிலிருந்தே திறந்துவிடுவார்கள். வண்டி வீடு வந்து சேரும். பேட்டரிக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்று துல்லியமாக அறிந்தவர்களால்தான் இதைச் செய்ய முடியும். ஈயத்தோடு மல்லுக்கட்டிய ஆண்டுகள் கற்றுக்கொடுத்த பாடம் அது.

2010 மே மாதம் மஹிந்திரா நிறுவனம் ரேவாவின் 55.2 சதவீதப் பங்கை வாங்கியது. 2013 மார்ச்சில் வந்த அவர்களுடைய அடுத்த கார் இ2ஓ, முதல் நாளிலிருந்தே லித்தியத்தில் ஓடியது.

ஈயம் இறங்கிவிட்டது. ஆனால், கார் வாங்க வசதியில்லாதவருக்கு?

★

பேட்டரி செய்ய வந்தவர்கள்

காட்சி இப்போது சென்னைக்கு மாறுகிறது. தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் இருவரும் கிண்டி ஐ.ஐ.டி.யில் பொறியியல் வடிவமைப்பு படித்த நண்பர்கள். 2013இல் ஏத்தர் எனர்ஜியைத் தொடங்கியபோது அவர்கள் மனதில் இருந்தது ஸ்கூட்டர் இல்லை. பேட்டரி.

அப்போது நாட்டில் ஓடிய மின்சார ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் ஈய பேட்டரி பொருத்தியவை. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாதவை, அதனால் லைசென்ஸ் தேவைப்படாதவை. 2012 மார்ச்சோடு மத்திய அரசின் மானியம் நின்றுபோக, அந்தச் சந்தை சரிந்து கிடந்தது. அந்த ஸ்கூட்டர்களில் ஈயத்தை எடுத்துவிட்டு நல்ல லித்தியம் பேக்கைப் பொருத்தினால் நிலைமை மாறும் என்று இருவரும் நம்பினார்கள்.

ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களிடம் போய்ப் பேசினார்கள். அங்கேதான் திட்டம் புரண்டது. மக்களின் மனக்குறை பேட்டரியோடு நிற்கவில்லை. வேகம் இல்லை, ஏற்றத்தில் திணறுகிறது, உடல் உறுதியில்லை. இப்படிப்பட்ட வண்டியில் எவ்வளவு நல்ல பேக்கை வைத்தாலும் அது நல்ல வண்டி ஆகாது.

முழு ஸ்கூட்டரையும் நாமே செய்வது என்று முடிவெடுத்தார்கள். படிப்பை முடித்துச் சில ஆண்டுகளே ஆன இரண்டு இளைஞர்களின் முடிவு அது. சென்னையில் முளைத்த நிறுவனம் பெங்களூருவில் வேர் பிடித்தது. 2014 கடைசியில் ஃபிளிப்கார்ட்டைத் தொடங்கிய சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் முதலீடு செய்தார்கள். 2016 பிப்ரவரியில் பெங்களூருவில் நடந்த ஒரு தொழில்நுட்ப மாநாட்டு மேடையில் அவர்களுடைய எஸ்340 ஸ்கூட்டர் திரை விலகி வெளிவந்தது. கைதட்டல் எழுந்தது. ஆனால், வண்டி கடைக்கு வர இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

அந்த இரண்டு ஆண்டுகளில் என்ன வேலை? பேக் எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்த்தால் புரியும்.

அக்காலத்தில் பேக் கட்டுபவர்கள் கைக்கு எளிதில் கிடைத்தது 18650 என்ற செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் உயரம், 50 கிராமுக்குள் எடை. உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம். ஒன்றில் சுமார் 10 வாட்-மணி. ஒரு ஸ்கூட்டருக்கு இரண்டரை யூனிட் வேண்டுமென்றால் ஏறக்குறைய இருநூற்றைம்பது செல்கள்.

முதலில் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் உள்தடையையும் அளந்து, ஒத்த குணம் உள்ளவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். பிளாஸ்டிக் சட்டத்தில் இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். முனைகளை உலோகப் பட்டையால் இணைக்க வேண்டும். அந்த வெல்டிங் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிய வேண்டும், சூடு உள்ளே இறங்கினால் சவ்வு பாழாகும். பிறகு சூட்டை அளக்கும் உணரிகள், பி.எம்.எஸ். பலகை, சூட்டை வெளியேற்றும் அலுமினியக் கூடு. கடைசியில் தண்ணீர் புகாத மூடி. மழைக்காலத்தில் வெள்ளம் தேங்கும் சாலைகளும் கோடையில் கொதிக்கும் தாரும் உள்ள நாட்டில் இதில் எதையும் ஏனோதானோ என்று விட முடியாது.

2018 ஜூன் 5. பெங்களூருவில் அந்த எஸ்340இன் வழியில் வந்த ஏத்தர் 450 விற்பனைக்கு அறிவிக்கப்பட்டது. பேக், பி.எம்.எஸ்., மென்பொருள், திரை எல்லாமே அவர்களுடைய வடிவமைப்பு. உற்பத்தி பெருகியபோது ஆலை ஓசூருக்கு வந்தது.

எல்லாமே என்று சொன்னேன். ஒன்றைத் தவிர.

★

உருளைக்குள் இருப்பது

அந்தச் செல் இந்தியாவில் செய்ததல்ல. கொரியா, ஜப்பான், சீனா ஆகிய நாடுகளிலிருந்து கப்பல் ஏறி வந்தது. ரேவாவின் லித்தியத்துக்கும் அதே கதை. காரைக் கட்டிய நகரம், பேக்கைக் கட்டிய நகரம், காவலனை எழுதிய நகரம், உருளையின் உள்ளே மட்டும் நுழையவில்லை.

ஏன்?

ஓர் உருளையைப் பிரித்து விரித்தால் இரண்டு நீண்ட பட்டைகள் வரும். ஒன்று செம்புத் தகடு, மற்றது அலுமினியத் தகடு. செம்பின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். இரண்டின் மேலும் இருபுறமும் கருப்புப் பூச்சு. அந்தப் பூச்சுதான் பேட்டரி. மற்றதெல்லாம் அதற்குத் துணை.

கிராஃபைட் பொடியைப் பசையோடும் தண்ணீரோடும் கலந்து கூழாக்குகிறார்கள். நேர்முனைப் பொடிக்குத் தண்ணீர் கூடாது, வேறு கரைப்பான். அந்தக் கூழை ஓடும் தகட்டின் மேல் ஒரே சீராகப் பூசி, பல மீட்டர் நீள அடுப்புக்குள் செலுத்திக் காயவைக்கிறார்கள். ரோலர்களுக்கு இடையே விட்டு நசுக்கிப் பூச்சை இறுக்குகிறார்கள். பட்டையாக வெட்டி, நடுவே சவ்வை வைத்துச் சுருட்டி, குப்பிக்குள் இறக்குகிறார்கள். பூச்சு ஓரிடத்தில் சற்றுத் தடித்தாலும் அந்த இடத்தில் அயனிகள் தடுமாறும். வெட்டும்போது ஓர் உலோகத் துகள் ஒட்டிக்கொண்டால் என்றோ ஒருநாள் அது சவ்வைக் குத்திக் கிழிக்கும்.

அடுத்தது ஈரம். செல்லில் ஊற்றும் திரவத்தின் உப்பு, தண்ணீர் பட்டால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைக் கக்கும். ஆகவே, அந்த அறையின் காற்றில் ஈரப்பதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். உள்ளே வேலை செய்யும் மனிதரின் மூச்சுக்காற்றே அங்கே மாசு. இரவும் பகலும் காற்றை உலர்த்திக்கொண்டே இருக்க ஆகும் மின்செலவு சாதாரணமானதில்லை.

மூடிய பிறகும் வேலை முடியவில்லை. செல்லுக்கு முதல் சார்ஜை மிக நிதானமாக ஏற்றுகிறார்கள். அப்போது கிராஃபைட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உருவாகிறது. லித்தியத்தை விடும், திரவத்தை அண்டவிடாது. செல்லின் ஆயுள் அந்தப் படலத்தின் தரத்தில் இருக்கிறது. பிறகு பல நாட்கள் கிடப்பில் வைத்து, எது தானாக வற்றுகிறது என்று பார்த்துக் கழிக்கிறார்கள்.

சோனியால் 1991இல் இது எப்படி முடிந்தது? மெல்லிய நாடாவின் மேல் பொடியைச் சீராகப் பூசும் கலை அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது. ஒலிநாடா தயாரித்துப் பழகிய கை அது. பெங்களூருவுக்கு மென்பொருள் கைவந்தது, விண்கலம் கைவந்தது. பூச்சுக் கலை கைவரவில்லை. அதைக் கற்க ஆலை வேண்டும், ஆலைக்குப் பல கோடி வேண்டும், போட்ட கோடி திரும்ப லட்சக்கணக்கில் செல்கள் விற்க வேண்டும். வாங்க வண்டிகளே இல்லாத நாட்டில் அந்தச் சூதில் யார் இறங்குவார்கள்? இதற்கிடையே, 2010க்கும் 2018க்கும் நடுவே உலகச் சந்தையில் லித்தியம் பேக்கின் விலை ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. தாமதித்த ஒவ்வோர் ஆண்டும், இறக்குமதி மேலும் மலிவாக, இங்கே தொடங்குவது மேலும் கடினமானது.

கூலிக்குப் பேக் கட்டுவதோடு நின்றுவிட்டால் இந்த யுகத்தின் எரிபொருளுக்கும் நாம் கப்பலைத்தான் எதிர்பார்க்க வேண்டும். பெட்ரோலுக்கு எதிர்பார்த்த அதே வழி. இது எனக்கு ஆறாத கவலை.

★

ஒரு கோடி ரூபாய்

ஆனால், செல் செய்யத் தெரிந்தவர்கள் இந்தியாவில் இருந்தார்கள். கார் கம்பெனிகளின் கண்ணில் படாத இடத்தில்.

திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். செயற்கைக்கோள்களுக்கும் ராக்கெட்டுகளுக்கும் வேண்டிய லித்தியம் செல்களை இஸ்ரோவின் விஞ்ஞானிகள் அங்கே சொந்தமாக உருவாக்கியிருந்தார்கள். 1.5 ஆம்பியர்-மணி முதல் 100 ஆம்பியர்-மணி வரை. கூழ், பூச்சு, உலர் அறை, படலம் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

2018 மார்ச்சில் பி.எச்.இ.எல். நிறுவனத்தோடு இஸ்ரோ ஒப்பந்தம் செய்தது. விண்வெளித் தரச் செல்களைச் செய்யும் ஆலைக்குத் தேர்ந்தெடுத்த இடம், பி.எச்.இ.எல்.லின் பெங்களூருப் பிரிவு.

அடுத்து ஜூன் மாதம். ஏத்தர் தன் ஸ்கூட்டரை அறிவித்த அதே மாதம், இஸ்ரோ இன்னொரு கதவைத் திறந்தது. செல் செய்யும் தொழில்நுட்பத்தை, தகுதியுள்ள எந்த இந்திய நிறுவனத்துக்கும் தருகிறோம். ஒருவருக்கு மட்டுமென்று இல்லை, பலருக்கும். விலை ஒரு கோடி ரூபாய். நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் விருப்பம் தெரிவித்தன.

ஒரு கோடி என்பது அப்போது பெங்களூருவில் ஒரு நடுத்தர ஃபிளாட்டின் விலை. நாற்பது ஆண்டுக் கதையின் மூடிய பெட்டி அந்த விலைக்குத் திறந்தது.

இருந்தாலும், விண்ணில் ஓடும் செல்லும் மண்ணில் ஓடும் செல்லும் ஒன்றா? புவிநிலைச் சுற்றுப்பாதையில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு, பூமியின் நிழல் விழும் ஆண்டுக்கு இரண்டு பருவங்களில்தான் பேட்டரி பெரிதும் தேவை. நாளொன்றுக்கு அதிகபட்சம் 72 நிமிடம். பதினைந்து ஆண்டுகள் உழைக்க வேண்டும், செலவு எவ்வளவானாலும் சரி. ஸ்கூட்டர் செல்லின் விதி வேறு. தினமும் வற்றும், தினமும் நிரம்பும், வெயிலில் காயும், பள்ளத்தில் குலுங்கும். முக்கியமாக, மலிவாக இருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று வேறுபாடில்லாமல் லட்சக்கணக்கில் வர வேண்டும்.

ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்யும் ஆய்வகத்தின் செய்முறையை, நாளொன்றுக்குப் பல ஆயிரம் செல்களைக் கொட்டும் ஆலையின் செய்முறையாக மாற்ற முடியுமா? அந்த ஒரு கோடியைக் கட்டியவர்களில் யார் கையில் உண்மையான செல் பிறந்தது?

(அடுத்த வாரம்)